குடைக்குப் பெயர் உண்டு

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய புத்தகக் கடைகள் விரிப்பார்கள். போட்டித் தேர்வு வழிகாட்டிகளுக்கும் அட்டை கிழிந்த ஆங்கில நாவல்களுக்கும் நடுவே வெளிநாட்டு ஃபேஷன் இதழ்களும் கிடக்கும். அங்கிருந்து அவ்வப்போது பொறுக்கி வந்ததில் 'வோக்' இதழின் பல நாட்டுப் பதிப்புகள் என்னிடம் சேர்ந்துவிட்டன. ஒருநாள் இரவு அவற்றை விடுதி அறைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறைத்தோழி உள்ளே வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சாதி பத்தி பி.எச்.டி. பண்றேன்னு சொல்லிட்டு இதையா படிக்கிறே?"

இந்தக் கேள்வியை இயக்கத் தோழர்களும் கேட்பார்கள். ஃபேஷன் பணக்காரர் விவகாரம், நமக்கு நிலம், கூலி, கல்வி என்று வேலை கிடக்கிறது என்பார்கள். சரிதான். ஆனால் என் தாத்தா இராமநாதபுரம் பக்கம் பிறந்தவர். அவரிடம் ஒரு கறுப்புக் குடை இருந்தது. வெயிலானாலும் மழையானாலும் ஊர்த் தெருவைத் தாண்டும்வரை அதைக் கக்கத்தில் மடக்கி வைத்துக்கொண்டு நடப்பார். தாண்டிய பிறகுதான் விரிப்பார். சின்ன வயதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கல்லூரியில் ஹட்டன் எழுதிய நூலைப் புரட்டியபோதுதான் காரணம் புரிந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். நகை, உடை, பூ, செருப்பு, குடை என்று அது ஏறக்குறைய ஒரு ஃபேஷன் இதழின் உள்ளடக்கப் பக்கம் மாதிரியே இருக்கும். இந்த நாட்டில் எதை உடுத்தலாம் என்பது சட்டமாக இருந்தது. மீறினால் குடிசை எரிந்தது. அதனால்தான் 1927-இல் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் சேலை கட்டும் முறையைப் பற்றிப் பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கும் கட்டை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்ல, அந்தப் பெண்கள் உடனே கணுக்கால்வரை சேலையைத் தழைத்துக் கட்டினார்கள். ஃபேஷன் நமக்கு அந்நியமான பொருள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இனி வோக். 1892-இல் நியூயார்க்கின் மேட்டுக்குடிக் குடும்பங்களுக்காக ஆர்தர் டர்னூர் தொடங்கிய வாரப் பத்திரிகை அது. விருந்து, நாய், குதிரை, தொப்பி. பிறகு காண்டே நாஸ்ட் அதை வாங்கினார். 1916-இல் பிரிட்டன், 1920-இல் பிரான்ஸ் என்று கிளைவிட்டு, இன்று 25-க்கும் மேற்பட்ட பதிப்புகள். இந்தியாவுக்கு 2007 இலையுதிர் காலத்தில் வந்தது. முதல் இதழின் அட்டையில் பிபாஷா பாசு, பிரியங்கா சோப்ராவோடு நின்றவர் ஜெம்மா வார்டு என்ற ஆஸ்திரேலிய வெள்ளை மாடல். இந்தியர்களுக்கான இதழ் இந்தியாவுக்குள் நுழையும்போதே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கைபிடித்து அழைத்து வந்தது.

அடுத்த ஆண்டு நடந்த இரண்டு விஷயங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே பெயர், ஒரே நிறுவனம், ஒரு மாத இடைவெளி.

2008 ஜூலை, இத்தாலிப் பதிப்பு. ஆசிரியர் பிரான்கா சொசானி. புகைப்படக்காரர் ஸ்டீவன் மைசல். ஃபேஷன் படங்கள் முழுவதிலும் கறுப்பின மாடல்கள். நவோமி காம்பெல், லியா கெபெடே, ஜோர்டன் டன், செசிலி லோபஸ் என்று நான்கு தனித்தனி அட்டைகள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துபோய், 40,000 பிரதிகள் மறுபடி அச்சிட்டார்கள். மாத இதழை யாராவது மறு அச்சுப் போடுவார்களா? போட்டார்கள்.

2008 ஆகஸ்ட், இந்தியப் பதிப்பு. கிராமத்து ஏழை மக்களை நிறுத்தி எடுத்த படத்தொடர். பல் விழுந்த ஒரு பாட்டியின் இடுப்பில் குழந்தை. குழந்தையின் கழுத்தில் ஃபெண்டி நிறுவனத்தின் எச்சில் துணி, விலை சுமார் 100 டாலர். மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பம். அந்த அம்மாவின் கையில் ஹெர்மெஸ் பர்கின் பை, விலை 10,000 டாலருக்கு மேல். வெறுங்காலோடு ஒரு மனிதர். கையில் பர்பெரி குடை, விலை சுமார் 200 டாலர்.

குடை.

அன்றைய மதிப்பில் எட்டாயிரம் ரூபாய்க்குக் குறையாது. தமிழ்நாட்டில் அப்போது நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 80 ரூபாய். வருடம் முழுக்கக் கிடைக்கக்கூடிய நூறு நாளும் உழைத்தாலும் அந்தக் குடைக்குத்தான் சரியாக இருக்கும். படக்குறிப்பில் குடைக்குப் பெயர் இருந்தது, பைக்குப் பெயர் இருந்தது, எச்சில் துணிக்கும் இருந்தது. அவற்றைச் சுமந்த மனிதர்களுக்கு இல்லை. பாட்டியின் பெயர் என்ன, குடைக்காரரின் ஊர் எது என்று அந்தப் பக்கங்களில் தேடினால் கிடைக்காது. கண்டனம் எழுந்தபோது, இதைக் கனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஃபேஷன் இனிப் பணக்காரரின் தனிச் சலுகை இல்லை என்று இதழின் தரப்பில் பதில் வந்தது.

ஜூலையில் நான்கு கறுப்பினப் பெண்கள் பெயரோடு அட்டையில் நின்றார்கள். ஆகஸ்டில் இந்திய ஏழைகள் பெயரின்றி விளம்பரத் தாங்கிகளாக நின்றார்கள். இத்தாலிக்காரருக்கு மனசாட்சி அதிகம் என்று இதற்குப் பொருள் சொல்லிவிட முடியாது. அதே இத்தாலிப் பதிப்பின் இணையதளம் 2011-இல் வளையத் தோடுகளுக்கு 'அடிமைத் தோடு' என்று பெயர் சூட்டி, உதை வாங்கி, மொழிபெயர்ப்புப் பிழை என்று மன்னிப்புக் கேட்டது. 2009-இல் பாரிஸ் பதிப்பு லாரா ஸ்டோன் என்ற வெள்ளை மாடலின் உடம்பில் கறுப்புச் சாயம் பூசிப் படம் எடுத்தது. இவர்களுக்கு நல்ல புத்தி தானாக வந்ததே இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கறுப்பின மக்கள் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். 2007-இல் பெத்தான் ஹார்டிசன் என்ற முன்னாள் மாடல் நியூயார்க்கில் கூட்டம் போட்டு, மேடைகளிலிருந்து கறுப்பினப் பெண்கள் காணாமல் போனது ஏன் என்று தொழில்காரர்களை உட்கார வைத்துக் கேட்டார். 2013-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு கறுப்பின மாடலைக்கூடப் பயன்படுத்தாத, அல்லது பேருக்கு ஒருவரை மட்டும் நிறுத்திய வடிவமைப்பாளர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு ஃபேஷன் சங்கங்களுக்குக் கடிதம் அனுப்பினார். பெயர் சொல்லி எண்ணினார் என்பதைக் கவனியுங்கள். பொதுவாகப் புலம்பவில்லை.

வோக்கின் வரலாற்றையே அவர்கள் அப்படி எண்ணி வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் அட்டையில் முதல் கறுப்பின மாடல் 1966, டொன்யேல் லூனா. அதிலும் முகத்தின் பெரும்பகுதியை அவர் விரல்களே மறைத்தன. அமெரிக்க அட்டையில் 1974, பெவர்லி ஜான்சன். பாரிஸ் அட்டையில் 1988, நவோமி காம்பெல். அதற்கும் ஈவ் சான் லோரான் என்ற பெரிய வடிவமைப்பாளர், விளம்பரத்தை நிறுத்திவிடுவேன் என்று மிரட்ட வேண்டியிருந்தது. அமெரிக்க வோக்கின் அட்டையைப் படமெடுத்த முதல் கறுப்பினப் புகைப்படக்காரர் டைலர் மிட்செல். ஆண்டு 2018. இதழ் தொடங்கி 126 ஆண்டுகள் ஆகியிருந்தன, அவருக்கு வயது 23. அட்டையில் பியான்சே என்ற பெரும் நட்சத்திரம் இருந்ததால்தான் அந்தக் கதவும் திறந்தது. 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு தெருக்கள் கொந்தளித்தபோது, கறுப்பின ஆசிரியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் போதிய இடம் தரவில்லை என்று ஆனா வின்டோர் தன் ஊழியர்களுக்கு எழுதி ஒப்புக்கொண்டார். முப்பது ஆண்டுக்கும் மேலாக அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். தெரு சொன்ன பிறகு தெரிந்துகொண்டார்.

நமக்கு மிக அருகில் இருக்கும் கதை பிரேசிலுடையது. 2019 பிப்ரவரியில் பிரேசில் வோக்கின் ஸ்டைல் இயக்குநர் டொனாட்டா மெய்ரெலஸ், தன் ஐம்பதாவது பிறந்தநாளை சால்வடோர் நகரத்தில் கொண்டாடினார். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் வாரிசுகள் பெரும்பான்மையாக வாழும் நகரம் அது. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888-இல் அடிமை முறையை ஒழித்த நாடு அது. விருந்தில் அந்த அம்மையார் சிம்மாசனம் மாதிரியான நாற்காலியில் அமர்ந்திருக்க, இரண்டு பக்கமும் வெள்ளை மரபுடையில் கறுப்பினப் பெண்கள் நின்றார்கள். படம் வெளியே வந்ததும் நாடு கொதித்தது. இது பாஹியா மாநிலத்துப் பாரம்பரிய உடைதானே, பண்பாட்டுக்கு மரியாதைதானே என்றார். எடுபடவில்லை. மன்னிப்புக் கேட்டார், பதவி விலகினார்.

இந்த 'பாரம்பரியம்தானே' என்ற பதில் எங்கோ கேட்ட மாதிரி இல்லையா? நம் ஊர்ப் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் பறை அடிக்க 'நாட்டுப்புறக் குழு' அழைத்து, அவர்களோடு நின்று செல்ஃபி எடுத்து, சாப்பாடு மட்டும் பந்தலுக்குப் பின்னால் பரிமாறுகிறார்களே, அவர்களிடம் கேளுங்கள். இதே பதிலைத்தான் சொல்வார்கள். பிரேசிலில் அதற்கு ஒரு பதவி போனது. இங்கே லைக் விழுகிறது.

மெக்சிகோவில் 'ரோமா' படத்தில் நடித்த யாலிட்சா அபாரிசியோ என்ற பழங்குடிப் பெண் 2019 ஜனவரி இதழின் அட்டைக்கு வந்தார். அந்நாட்டு வோக்கின் அட்டைக்கு வந்த முதல் பழங்குடிப் பெண் அவர். அட்டை வாசகம் மிஸ்டெக் மொழியில் இருந்தது. மெக்சிகோவின் சினிமாவும் தொலைக்காட்சியும் பெரும்பாலும் வெள்ளைத் தோலையே அழகென்று காட்டிவந்தன; அதனால் வசவும் வந்தது, வீட்டு வேலைக்காரி முகம் என்றார்கள். பிலிப்பைன்ஸ் பதிப்பு 2023 ஏப்ரலில் வாங்-ஒட் என்ற 106 வயதுப் பச்சை குத்தும் மூதாட்டியை அட்டையில் போட்டது. மலைவாழ் கலிங்கா இனத்தவர். இந்த இரண்டு அட்டைகளும் எனக்குப் பிடித்தவை. அதே சமயம் ஓர் உறுத்தலும் உண்டு. மூதாட்டியைப் போற்றுவது எளிது. அவர் பேத்தி ஆசிரியர் குழுவில் உட்காருவதுதான் கடினம்.

அட்டையில் முகம் வந்தால் போதும் என்று நம்புகிறவர்களுக்கு அரபுப் பதிப்பைக் காட்டுவேன். 2018 ஜூன். சவுதிப் பெண்கள் கார் ஓட்ட அனுமதி கிடைக்கப்போகும் மாதம். அட்டையில் திறந்த காரின் ஓட்டுநர் இருக்கையில் மறைந்த மன்னர் அப்துல்லாவின் மகள், இளவரசி ஹைஃபா. முன்னோடிப் பெண்களைக் கொண்டாடும் இதழாம். அதற்கு முந்தைய மாதம்தான் அந்த உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய லூஜைன் அல்-ஹத்லூல் உள்ளிட்ட பெண்களைச் சவுதி அரசு கைது செய்திருந்தது. போராடியவர் சிறையில், போராட்டத்தின் பலன் இளவரசியின் அட்டையில். கொதித்த பெண்கள் இளவரசியின் முகத்தின் மேல் கைதானவர்களின் முகங்களை ஒட்டி இணையத்தில் பரப்பினார்கள். எனக்குத் தெரிந்து வோக்கின் மிகச் சிறந்த அட்டை அதுதான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இந்தியப் பதிப்பும் சும்மா இருக்கவில்லை. மேற்கிலிருந்து 'பன்முகத்தன்மை' என்ற சொல் இறக்குமதியான பிறகு மாநிறப் பெண்கள், பருத்த உடல்கள், திருநர்கள் என்று பக்கங்கள் மாறத்தான் செய்தன. 2020-இல் கேரள சுகாதார அமைச்சர் ஷைலஜா டீச்சர்கூட அட்டைக்கு வந்தார். இவற்றை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. சிவப்பழகு க்ரீம் விற்றே வளர்ந்த ஒரு தொழிலில் மாநிறம் அச்சேறுவது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இங்கே ஒரு கண்கட்டு வித்தை நடக்கிறது. அமெரிக்காவின் கேள்வி நிறம். அந்தக் கேள்வியை அப்படியே இங்கே கொண்டுவந்து, அதற்கு ஒரு விடையும் எழுதி, முழு மதிப்பெண் வாங்கிக்கொள்கிறார்கள். நம் வினாத்தாளில் இருந்த கேள்வி சாதி. கறுத்த ஐயரும் உண்டு, வெளுத்த அருந்ததியரும் உண்டு என்று நம் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆதிக்கச் சாதிக் குடும்பத்து மாநிற மாடலை நிறுத்தி, இதோ விளிம்புநிலை என்று காட்டுவது எவ்வளவு வசதி! உரிமையாளர் கறுப்பாக இருந்தால் நிலம் நமக்கு வந்துவிடுமா?

நம் தரப்பும் இந்த வலையில் விழுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2017 மே மாதம், பத்தாம் ஆண்டுச் சிறப்பிதழின் அட்டையில் கெண்டல் ஜென்னர் என்ற அமெரிக்கப் பெண்ணைப் போட்டார்கள். ஓர் இந்தியப் பெண் கிடைக்கவில்லையா என்று சமூக ஊடகங்கள் பொங்கின. நானும் பொங்கியிருக்கிறேன். எந்த இந்தியப் பெண் என்று கேட்கத் தோன்றவில்லை. 2008 படத்தொடரைக் கண்டித்தவர்களும் பெரும்பாலும் 'வறுமையைக் கேலி செய்கிறார்கள்' என்பதோடு நின்றார்கள். வறுமை என்ற சொல்லுக்குள் சாதியைப் போட்டு மூடுவது ஆங்கிலம் பேசும் இந்தியாவின் பழைய பழக்கம்.

2025 ஜூனிலும் இதுவே நடந்தது. மிலானில் பிராடா நிறுவனம் கோலாப்பூர் செருப்பை நகலெடுத்து மேடையேற்றியபோது, 'இந்தியப் பாரம்பரியத்தைத் திருடிவிட்டார்கள்' என்று எல்லோரும் கூவினார்கள். கோலாப்பூர் செருப்புக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வைத்திருப்பவை மகாராஷ்டிர, கர்நாடக மாநிலங்களின் தோல் தொழில் மேம்பாட்டுக் கழகங்கள். ஒன்றின் பெயரில் சந்த் ரோகிதாஸ் இருக்கிறார், மற்றதில் பாபு ஜகஜீவன் ராம். பெயர்ப் பலகையே சொல்கிறது அந்தச் செருப்பு யாருடைய உழைப்பு என்று. தோலைத் தொட்டதற்காகவே தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவிட்டு, அவர்கள் செய்த செருப்பு மிலானுக்குப் போனதும் 'நம் பாரம்பரியம்' என்கிறார்கள். ஃபேஷன் பக்கங்களில் 'தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த கலை' என்று உருகி எழுதுகிறார்களே, அந்தத் தலைமுறைகள் வேறு வேலைக்குப் போக விடப்பட்டார்களா என்பதையும் எழுதலாம்.

இந்த இடத்தில் வழக்கமான எதிர்க்கேள்வி வரும். 'படத்தில் சாதி தெரியாதே, மாடலின் பெயருக்குக் கீழே சாதியை அச்சிடச் சொல்கிறாயா?' ஏற்கெனவே அச்சிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தாளைத் திருப்புங்கள். ஆசிரியர் குழு, படமெடுத்தவர், உடை வடிவமைத்தவர், எழுதியவர் என்று வரிசையாகப் பெயர்கள். பெயருக்குப் பின்னால் வால். அதைச் சாதி என்று அவர்கள் சொல்வதில்லை, குடும்பப் பெயர் என்கிறார்கள். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை வெட்டச் சொன்ன பிறகு வளர்ந்த நம் கண்ணுக்கு அந்தப் பட்டியல் கொஞ்சம் கூசும்.

ஆகவே எனக்கு ஒரு வேலை இருக்கிறது, உங்களுக்கும் உண்டு. ஹார்டிசன் செய்ததை நாம் இன்னும் செய்யவில்லை. 2007 முதல் இன்றுவரையிலான இந்தியப் பதிப்புகள் உங்கள் கல்லூரி நூலகத்திலோ, அக்கா வேலை செய்யும் பியூட்டி பார்லரிலோ கிடக்கலாம். ஒவ்வொரு இதழிலும் ஆசிரியர் குழுப் பக்கத்தையும், படத்தொடர்களின் பெயர்க் குறிப்பையும் கைபேசியில் படமெடுத்து இந்தத் தளத்துக்கு அனுப்புங்கள். வாலை வைத்து எண்ணினால் வால் உள்ளவர்களைத்தானே எண்ண முடியும் என்று கேட்பீர்கள். தொடக்கத்துக்கு அது போதும். இன்னொரு பத்தியும் போடுவோம்: படத்தில் வேலை செய்கிறவராக, கிராமத்தவராக, கைவினைஞராக வருகிறவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை.

2008 ஆகஸ்ட் இதழின் அசல் பிரதியை பாரதி சாலையில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, ஆனால் எனக்குத் தாள் வேண்டும். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், விலைக்கே வாங்கிக்கொள்கிறேன். அந்தக் குடைக்காரருக்கு இப்போது என்ன வயதிருக்கும்? படம் எடுத்து முடித்ததும் குடையைத் திருப்பி வாங்கிக்கொண்டிருப்பார்கள்.